பழிதீர்த்தவன் என்ன ஆனான்? தமிழ் கௌபாய்ப் படங்களின் வழிகளும் தரமும்

தமிழில் கௌபாய்ப் படம் என்றொரு மரபு இருக்கிறது. அதற்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஆனாலும் நம் திரைப்பட வரலாற்று நூல்களில் அதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. தொப்பி, குதிரை, இடுப்புப் பட்டையில் துப்பாக்கி என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குறைந்த பணத்தில் வெயிலிலும் புழுதியிலும் எடுக்கப்பட்ட அந்தப் படங்களுக்கு உரிய இடம் வேண்டும். அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பதும் தெளிவாக வேண்டும்.

அந்த அளவுகோலை நான் தூரத்தில் போய்த் தேடவில்லை. சந்தவாசல், படவேடு, போளூர், ஆரணி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பழக்கமானதுதான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகடை துகில் நடக்கும் இரவில் பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சபதம் செய்கிறாள். பதினெட்டாம் போர் முடிந்து விடியும்போது மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடக்கிறான். அவள் கூந்தலை முடிக்கிறாள். பழி தீர்ந்துவிட்டது. ஆனால் கூத்து அத்துடன் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. துரியோதனன் பக்கத்துப் பெண்களின் ஒப்பாரியும் அதே களத்தில்தான் எழுகிறது. அதற்கப்புறம் தீமிதி இருக்கிறது. வென்றவர்களும் நெருப்பில் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும்.

அதற்கு முன்னால் வரும் கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தன் பரம எதிரியை வீழ்த்துகிறான். குந்தி ஓடிவந்து கர்ணனை மடியில் போட்டு அழும்போதுதான், தான் கொன்றது அண்ணனை என்பது அவனுக்குத் தெரிகிறது. புரிசைக் கூத்தானாலும் பெருங்கட்டூர்க் கூத்தானாலும், வடக்கத்திப் பாணியானாலும் தெற்கத்திப் பாணியானாலும், அடவும் மெட்டும் மாறலாம். இந்த இடத்தை அவசரப்பட்டு முடிக்கிற கூத்து வாத்தியாரை நான் பார்த்ததில்லை. நமக்குப் பக்கத்திலேயே, சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட படவேட்டில் இருக்கும் ரேணுகாம்பாளின் மகனுடைய கதையும் இப்படித்தான். தந்தை ஜமதக்னியைக் கொன்றதற்காக இருபத்தொரு தலைமுறை அரசர்களை வெட்டிய பரசுராமன், வென்ற நிலம் முழுவதையும் காசியபருக்குத் தானம் செய்துவிட்டு மகேந்திர மலைக்குத் தவம் செய்யப் போகிறான். பழிவாங்கும் கதை எந்த நாட்டில், எந்த ஆடையில் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பழிதீர்த்தவன் அதற்கப்புறம் என்ன ஆனான்?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவை பெரும்பாலும் சின்னப் படங்கள். பட் பெட்டிகர் 1950களின் பின்பாதியில் நடிகர் ராண்டால்ஃப் ஸ்காட்டை வைத்து எடுத்த வரிசையில் 'ரைடு லோன்சம்' (1959) ஓடுவது 73 நிமிடம்தான். கலிபோர்னியாவின் லோன் பைன் பாறைகளுக்கு நடுவே ஐந்தாறு பேர் குதிரையில் போகிறார்கள். நாயகன் ஒரு இளம் கொலைகாரனைப் பிடித்துக்கொண்டு போவது பரிசுப் பணத்துக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவன் காத்திருப்பது அந்த இளைஞனின் அண்ணனுக்காக. பல ஆண்டுகளுக்கு முன் அந்த அண்ணன் நாயகனின் மனைவியை ஒரு மரத்தில் தூக்கிலிட்டிருக்கிறான். அவனைச் சுட்டு வீழ்த்திய பிறகு, பிடித்த இளைஞனைக் கூடவே வந்த இரண்டு கொள்ளைக்காரர்களிடம் நாயகன் விட்டுவிடுகிறான். அவனை ஒப்படைத்தால் அவர்களுக்குப் பொது மன்னிப்பு, புது வாழ்க்கை. நாயகன் தனியாக நின்று அந்தத் தூக்குமரத்துக்குத் தீ வைக்கிறான். ஒருவனுடைய பழியிலிருந்து வேறு இருவருக்கு மீட்சி பிறக்கிறது. பழி தீர்த்தவனுக்குச் சாம்பல்தான் மிச்சம். இதற்குப் பெரிய நகரமும் வேண்டியிருக்கவில்லை, ஆயிரம் துணை நடிகர்களும் வேண்டியிருக்கவில்லை.

மான்டி ஹெல்மன் இன்னும் ஏழை. 1965இல் யூட்டா பாலைவனத்தில் ஒரே குழுவை வைத்து இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சுமார் 75,000 டாலர். ஜாக் நிக்கல்சன் இரண்டிலும் நடித்தார், தயாரிப்பிலும் பங்கெடுத்தார். அவற்றில் ஒன்றான 'தி ஷூட்டிங்' படத்தில் பெயர் சொல்லாத ஒரு பெண், பழிவாங்கத் தேடும் ஒருவனின் தடம் பிடிக்க வழிகாட்டி ஒருவனைக் கூலிக்கு அழைத்துப் போகிறாள். கடைசியில் பாறைமேல் திரும்பிப் பார்க்கும் அந்த ஆளின் முகம், வழிகாட்டியின் முகமாகவே இருக்கிறது. அவன் இவனுடைய உடன்பிறப்பு. கர்ண மோட்சம் பார்த்த எவருக்கும் அந்தக் காட்சி அடிவயிற்றில் இறங்கும்.

இத்தாலியர்கள் வேறு வழியில் போனார்கள். செர்ஜியோ லியோனி குரோசாவாவின் 'யோஜிம்போ' கதையை எடுத்துக்கொண்டு, ஸ்பெயினின் வறண்ட நிலத்தில், ஏறக்குறைய 2 லட்சம் டாலரில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) எடுத்தார். பெரிய இசைக்குழுவுக்குப் பணம் இல்லாததால் என்னியோ மோரிகோனி சீட்டி, சாட்டை, மணி, மின் கிட்டார் ஆகியவற்றை வைத்தே இசையமைத்தார். ஒரு முகவீணையும் மத்தளமும் வைத்துக்கொண்டு விடியவிடிய ஊரைக் கட்டிப்போடும் நம் கூத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தமிழுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்த இத்தாலிய வழிதான். அதை முதலில் கையில் எடுத்து ஒரு பாணியாக்கியவர் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) என்று ஜெய்சங்கரை நாயகனாக வைத்து வரிசையாக எடுத்தார். சென்னை ஸ்டூடியோக்களுக்குள் அட்டைச் சுவருக்கு முன்னால் வசனம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கர்ணன் கேமராவை வெளியே தூக்கிக்கொண்டு போனார். குதிரையோடு குதிரையாகக் கேமராவை ஓடவிட்டார். பள்ளத்தில் வைத்து மேலே குதிரை தாண்டுவதை எடுத்தார். வானத்தையும் பாறையையும் மனிதனையும் ஒரே சட்டகத்தில் எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெய்சங்கரும் அதற்குத் தோதான நடிகர். வாரம் ஒரு படம் வெளியாகும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தவர். நடிப்பில் ஆர்ப்பாட்டம் இல்லை, உடம்பில் சோம்பல் இல்லை. சின்ன முதலீட்டுப் படங்களுக்கு அவர் ஒரு தூண்.

கர்ணனிடம் எனக்கு மரியாதை அதிகம். அதனால்தான் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கதைகளில் பழி இருக்கும், துரத்தல் இருக்கும், கடைசிச் சண்டை பிரமாதமாக இருக்கும். சண்டை முடிந்ததும் படமும் முடிந்துவிடும். வில்லன் விழுந்த பிறகு நாயகனின் முகத்தில் கேமரா அரை நிமிடம் நிற்பதில்லை. பாவு சரியில்லாத தறியில் எவ்வளவு ஜரிகை போட்டாலும் புடவை நிற்காது என்பது ஆரணிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கர்ணனின் ஜரிகை அசல், பாவில்தான் இழை குறைந்தது. போகப்போக அருவிக் குளியல் காட்சிகள் நிறைந்து, 'ஜம்பு' (1980) வந்தபோது கதையே ஒரு சாக்காகிவிட்டது.

அதே நேரத்தில் பக்கத்து மொழியான தெலுங்கில் நடிகர் கிருஷ்ணா தன் பத்மாலயா நிறுவனத்தில், கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கத்தில் 'மோசகாளக்கு மோசகாடு' (1971) எடுத்து, ராஜஸ்தான் பாலைவனம் வரை போனார். தமிழில் 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' என்று மொழிமாற்றி வந்தது. புதையல் வேட்டையின் உற்சாகம் அதில் உண்டு. மனம் மாறுவதற்கு அதில் யாருக்கும் நேரமில்லை.

சாண்டோ சின்னப்பா தேவரின் வழி தனி. அவருடைய தண்டாயுதபாணி பிலிம்ஸ் எடுத்த 'தாய் மீது சத்தியம்' (1978) ஆர்.தியாகராஜன் இயக்கி ரஜினிகாந்த் நடித்த கௌபாய்ப் படம். படம் தயாரிப்பில் இருந்தபோதே, 1978 செப்டம்பரில், தேவர் காலமானார். தீபாவளிக்குப் படம் வந்தது. பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்குவதாகச் சத்தியம் செய்த மகனின் கதை. தேவர் படங்களில் தாயும் தெய்வமும் வாயில்லா ஜீவன்களும் அறத்தைக் காக்கும். குதிரையும் நாயும் நாயகனுக்குத் துணை நிற்கும். அதனால் கொல்கிறவன் கை சுத்தமாகவே இருந்துவிடுகிறது. சத்தியம் தாய்மீது செய்யப்பட்டது, நிறைவேற்றியது மகன், மன்னித்தது முருகன் என்று எல்லாம் ஒழுங்காக முடிந்துபோகும். கிராமத்துக் கொட்டகைகளில் அந்தப் படங்கள் ஓடியதற்கு இந்த நிம்மதியும் ஒரு காரணம். அதை நான் மட்டமாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிம்மதிக்கு எந்தப் பாத்திரமும் விலை கொடுப்பதில்லை.

இதில் தணிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 'ஷோலே' (1975) பட முடிவில் தாக்கூர் தன் முள் பதித்த செருப்புக் காலால் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுவதாகத்தான் முதலில் எடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கை அதை ஏற்கவில்லை. போலீஸ் வந்து தடுக்கும்படி மாற்றி எடுக்க வேண்டியதாயிற்று. நம் படங்களிலும் கடைசிக் காட்சியில் வரும் போலீஸ் ஜீப் அந்த வேலையைத்தான் செய்கிறது. பழிவாங்க வந்தவன் கொன்றானா, விட்டானா, விட்டால் ஏன் விட்டான் என்ற கேள்வியை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது.

மீட்சியைப் பொறுமையாகச் சொன்ன இடம் திரையே இல்லை; சிவகாசியில் அச்சான காமிக்ஸ். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் இந்த மரபின் மிக மலிவான, மிக நேர்மையான கிளை என்றே சொல்வேன். இத்தாலியின் டெக்ஸ் வில்லர் 1985இலிருந்து லயனில் தமிழ் பேசுகிறார். பிரெஞ்சு 'புளூபெர்ரி' இங்கே கேப்டன் டைகர். அவருடைய 'மின்னும் மரணம்' நெடுங்கதையில் செய்யாத குற்றத்தைச் சுமந்து, பதவியும் பெயரும் போய், பரிசுத் தொகை விதிக்கப்பட்ட கைதியாக ஓடி, ஒவ்வொரு படியாகத் தன் பெயரை மீட்கிறான் ஒரு மனிதன். சில ரூபாய் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய சாணித்தாளில் இதைப் படித்த பையன்கள்தான் பின்னாளில் நல்ல கௌபாய்ப் படம் எது என்று தெரிந்த ரசிகர்களானார்கள்.

அப்படி ஒருவராகவே எனக்குத் தோன்றுகிறார் சிம்புதேவன். 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) படத்தில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்றே பெயர் வைத்தார். முன்னோடிக்கு இப்படி வெளிப்படையாக நன்றி சொன்ன படம் தமிழில் அபூர்வம். எல்லோரும் அதைச் சிரிப்புப் படமாக மட்டும் பார்த்தார்கள். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய ஒரு சாதாரண ஆள், காணாமல் போன வீரனின் வேடத்தைப் போட்டுக்கொண்டு, போகப்போக அந்த வேடத்துக்குத் தகுதியானவனாக ஆகிறான். இது அசல் மீட்சிக் கதை. ராகவா லாரன்ஸ் அதைக் கெடுக்காமல் செய்தார்.

பதின்மூன்று ஆண்டு கழித்து அதே லாரன்ஸ், கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் கொண்டாடும் மதுரை ரௌடி சீசராக வந்தார். அவனைக் கொல்ல இயக்குநர் வேடத்தில் வருகிறவன் எஸ்.ஜே.சூர்யா. பணத்தில் இது சின்னப் படம் இல்லை. ஆனாலும் நம் அளவுகோலுக்கு மிக அருகில் வருகிறது. காட்டு மக்களை ஒழிக்க அரசின் துப்பாக்கிகள் வரும்போது சீசர் ஓடவில்லை. கொலைகளால் பெயரெடுத்தவன் கடைசியில் தன் சாவைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, அதைச் சாட்சியாக்குகிறான். கொல்ல வந்தவன் அந்தச் சாட்சியத்தைச் சுமந்து திரையரங்கு வரை கொண்டுவருகிறான். துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கேமராவை எடுத்தவனாக அவன் மிஞ்சுகிறான். அரை நூற்றாண்டாக இந்த மரபு தள்ளிப்போட்ட பதில் அங்கே கிடைத்தது.

இனி அந்தப் பதிலைச் சின்னப் பணத்தில் ஒருவர் எடுத்துக்காட்ட வேண்டும். அதற்கான நிலம் நம் கண்ணெதிரே கிடக்கிறது. சந்தவாசலிலிருந்து படவேட்டுப் பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலையின் மொட்டைப் பாறைகள், கோடையில் மணல் மட்டும் ஓடும் கமண்டல நாகநதி, புளியமரச் சாலை. தொப்பி வேண்டாம், தலைப்பாகை போதும். குதிரை கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் போதும். ஆறு பாத்திரங்களுக்கு மேல் வேண்டாம். சண்டைக்கு ஒதுக்கும் நாட்களில் பாதியைச் சண்டைக்கு அடுத்த காட்சிக்கு ஒதுக்கட்டும். அந்தக் காட்சியை எழுதும்போது பதினெட்டாம் போர் நடத்துகிற ஒரு வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்ளட்டும். துரியோதனன் விழுந்த பிறகு யார் முதலில் களத்துக்குள் வர வேண்டும், யார் பேசக்கூடாது, முகவீணை எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம்.