காலம் சேர்ந்தால் நடை சேருமா?

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மலைக்கு மேற்கே கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் சுற்றி வரும் கூட்டம் ஆதி அண்ணாமலையார் கோயில் பக்கமாகத்தான் போக வேண்டும். சிவனடியார்கள் கொம்பும் சங்கும் முழக்கி வரும் கைலாய வாத்தியம், ஆடியில் அம்மனுக்குப் பம்பை உடுக்கை, சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் வாத்தியங்களின் சத்தம் ஓய்வதே இல்லை. அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர் கல்யாண வரவேற்பின் டி.ஜே. ஒரு லேப்டாப், ஒரு கன்ட்ரோலர், மேடையின் இரு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். அவருடைய வேலையில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எடைபோடுகிறேன். குத்துப் பாட்டையும் ஹவுஸ் ரக நடனப் பாட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் அடுத்த பாட்டுக்குக் கடத்துகிறாரே, அந்தப் பகுதி.

பீட்மேட்சிங் என்று சொல்லப்படும் இந்த வேலை நம் ஊருக்குப் புதிது. உலகத்துக்கு அரை நூற்றாண்டுப் பழக்கம். 1960களின் கடைசியில் நியூயார்க் கிளப்புகளில் ஃபிரான்சிஸ் கிராசோ இரண்டு இசைத்தட்டுகளின் அடியை ஒன்றாக ஓடவிட்டுக் காட்டினார். 1972இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழல்தட்டு வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை 8 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ முடிகிற பிட்ச் ஸ்லைடர் இருந்தது. நிமிடத்துக்கு 130 அடி ஓடும் பாட்டை ஏறக்குறைய 120இலிருந்து 140 வரை இழுக்கலாம். டி.ஜே. ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் மேடைச் சத்தமுமாக நின்று, இரண்டும் ஒட்டுகிற இடத்தை விரல் நுனியில் தேடுவார். வேகம் மாறினால் சுருதியும் கூடவே மாறும் என்பது அந்தக் காலத்துச் சிக்கல். அதை இன்று மென்பொருள் தீர்த்துவிட்டது.

சேர்க்கப்படுகிற பாட்டுகளில் இரண்டு குலம் உண்டு. ஒன்றில் ஒரு சுற்றுக்கு நாலு அடி, நாலிலும் கிக் டிரம் ஒரே மாதிரி விழும். பிலடெல்பியாவின் டிரம்மர் ஏர்ல் யங் 1973இல் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் வாசித்த முறை டிஸ்கோவுக்கு அடித்தளமானது. ஹவுஸும் டெக்னோவும் அதன் வாரிசுகள். இதை நேர் அடி என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று பிரேக்பீட். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு பதிவுசெய்த ‘ஆமென், பிரதர்’ பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் நாலு சுற்று வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு செகண்டுதான். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அந்தத் துண்டை வெட்டி ஒட்டிப் பிறந்தவை.

அந்தத் துண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அதன் முதல் சுற்றை நாலு ‘தகதிமி’யாக, பதினாறு கட்டமாகப் பிரித்துக்கொள்வோம். முதல் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் கிக். ஐந்தாம் கட்டத்தில், அதாவது இரண்டாம் அடியின் தொடக்கத்தில், ஸ்னேர். நம் காது அடுத்த கிக்கை மூன்றாம் அடியின் தலையில், ஒன்பதாம் கட்டத்தில், எதிர்பார்க்கிறது. அங்கே கிக் கிடையாது. ஸிம்பல் மட்டும் ஒலிக்க, கிக் இரண்டு கட்டம் தள்ளி, பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அடுத்தடுத்து விழுகிறது. அந்த ஒரு வெற்றிடத்தில்தான் உடம்பு முன்னால் சாய்கிறது. கச்சேரியில் அனாகத எடுப்பு கேட்டுப் பழகியவர்களுக்கு, தாளம் தொடங்கும் சமத்தில் ஒன்றும் விழாமல் பாட்டு தள்ளித் தொடங்கும்போது நெஞ்சில் ஏற்படுகிற அந்த இழுப்பு தெரிந்திருக்கும். இதுவும் அதே இழுப்புதான்.

இதன் மேல் நேர் அடியை ஏற்றினால் என்ன ஆகும்? வேகம் பொருந்தும். இரண்டும் அடிக்கு நாலு உள்ளடி கொண்ட சதுஸ்ர நடை என்பதால் கட்டங்களும் பொருந்தும். இரண்டாம், நாலாம் அடிகளில் ஹவுஸின் கைதட்டலும் பிரேக்கின் ஸ்னேரும் ஒன்றாக விழும். ஆனால் அந்த ஒன்பதாம் கட்டத்தில் ஒரு கிக் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோல்மன் காலியாக விட்ட இடம் அடைபட்டுவிடும். கணக்கில் பிழை இல்லை; பாட்டு மட்டும் செத்துப்போகும். பீட்மேட்சிங்கின் மிகப் பெரிய பலவீனம் இது என்று நினைக்கிறேன். தடுமாற்றம் கேட்டால் டி.ஜே. உடனே திருத்திக்கொள்வார். இங்கே தடுமாற்றமே கேட்காது, அதனால் திருத்தவும் தோன்றாது.

குத்துப் பாட்டு விஷயத்தில் சிக்கல் வேறு. பெரும்பாலான குத்துப் பாட்டுகள் திஸ்ர நடை. ஒவ்வோர் அடிக்குள்ளும் ‘தகிட’ என்று மூன்று உள்ளடி. ஹவுஸ் பாட்டு ‘தகதிமி’. இரண்டையும் நிமிடத்துக்கு 128 அடியில் ஓடவிட்டால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுமார் 469 மில்லி செகண்டு. ஹவுஸின் ஹை-ஹாட் அதன் சரிபாதியில், 234இல் விழும். குத்தின் உள்ளடிகள் 156இலும் 312இலும் விழும். ஹை-ஹாட்டுக்கும் இரு பக்கத்து உள்ளடிகளுக்கும் 78 மில்லி செகண்டு வித்தியாசம். இரண்டு தட்டலாகப் பிரித்துக் கேட்க இது போதும்; இரண்டாகக் கேட்டு ரசிக்கப் போதாது. யாரோ படியில் கால் இடறுவது போன்ற ஓசைதான் மிஞ்சும். அடியின் தலை மட்டும் ஒவ்வொரு முறையும் கச்சிதமாகச் சேரும். திரையில் இரண்டு அலைக்கோடுகளும் நேராக நிற்பதைப் பார்த்து டி.ஜே. நிம்மதியடைவார். காலப்பிரமாணம், அதாவது வேகம், சேர்ந்திருக்கிறது; நடை சேரவில்லை. இந்த இரண்டும் வேறு என்பது தவில் கற்கும் பிள்ளைக்கு ஆரம்பப் பாடம். டி.ஜே. பயிற்சியில் அது வருவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

வழி இல்லாமல் இல்லை. ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் எந்திரத்திலேயே ஸ்விங் என்ற வசதி இருந்தது. சரிபாதியில் விழ வேண்டிய தட்டலைக் கொஞ்சம் தள்ளி விழவைப்பது அது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தள்ளினால் அது ‘தகிட’வின் மூன்றாம் எழுத்தில் போய் உட்காரும். அடியின் சரிபாதித் தட்டலையே அப்படித் தள்ளித் தயாரித்த நடனப் பாட்டுகளும் உண்டு. அவற்றைத் தேடி எடுத்துக் குத்தோடு சேர்த்தால் ஒரே மேளத்தில் பிறந்தவை போல ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பாட்டுகளை வேகத்தை வைத்து அடுக்காமல் நடையை வைத்து அடுக்க வேண்டும். நான் பார்த்த லேப்டாப்புகளில் எல்லாம் நிமிட அடிக்கணக்கான பி.பி.எம். வரிசைதான் இருந்தது.

இந்த இடத்தில், இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் தானாகச் சேர்த்துவிடும் சிங்க் பட்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைப் பயன்படுத்துவதே பாவம் என்கிற வாதம் எனக்கு உடன்பாடில்லை. முழுக்க எந்திரத்தில் தயாரான இரண்டு ஹவுஸ் பாட்டுகளைச் சேர்க்க விரலும் காதும் படும் பாட்டை ஒரு பட்டன் மிச்சப்படுத்தினால் நல்லதுதான். ஆனால் அது பாட்டின் மேல் ஒரு கட்டக்கோடு போட்டுத்தான் வேலை செய்கிறது. ஆர்கெஸ்ட்ரா முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான 1970, 80களின் பாட்டுகளில் வேகம் சற்றே ஏறி இறங்கும். அது கட்டக்கோட்டுக்குள் நிற்காது. 128க்கும் 128.1க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரே நிமிடத்தில் அது 47 மில்லி செகண்டு விலகலாகிவிடும். கிக் இரட்டையாகக் கேட்கத் தொடங்கும். திஸ்ர நடைப் பாட்டை மென்பொருள் தவறாகப் படிப்பதும் உண்டு. 130இல் ஓடும் பாட்டை 97.5 என்றோ 195 என்றோ காட்டும். அதை நம்பி பட்டனைத் தட்டினால் பாட்டு தாறுமாறாக இழுபடும்.

பலத்தையும் சொல்ல வேண்டும், அது சிறியதல்ல. நேர் அடி என்பது ஆடத் தெரியாதவருக்கும் இடம் கொடுக்கிற அடி. வரவேற்புக் கூட்டத்தில் பம்பைக்கு ஆடிப் பழகிய பெரியவரும் இருப்பார், கல்லூரியில் படிக்கும் பேத்தியும் இருப்பாள். இரண்டு பேருடைய காலுக்கும் பொதுவான ஒன்றை நேர் அடி தருகிறது. பாட்டுக்குப் பாட்டு நிறுத்தினால் கூச்சப்படுகிறவர்கள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். நிற்காமல் கடத்தினால் ஆடிக்கொண்டே இருப்பார்கள். கையால் பீட்மேட்ச் செய்து பழகியவர்களின் காது கூர்மையாவதும் உண்மை. இரண்டு காலப்பிரமாணங்களை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கேட்பது எளிய திறமை அல்ல. தாளம் கற்ற பலருக்கே அது வராது.

சேர்க்கை நன்றாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த ஊர்த் திசையை விட்டுச் சற்று வெளியே போக வேண்டியிருக்கிறது. சரண்ஜித் சிங் 1982இல் பம்பாயில் பத்து ராகங்களை டிஸ்கோ அடியின் மேல் சின்தசைசரில் வாசித்து வெளியிட்டார். அங்கே நேர் அடி உறுத்தவில்லை. ராகத்தின் உயிர் ஸ்வரங்களின் அசைவில் இருக்கிறது. கிக் எதையும் அடைக்கவில்லை. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. செய்தது இதற்கு நேர் எதிரானது. 2007இல் வந்த ‘கலா’ தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து நம் மேளக்காரர்களை வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார். ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டுகளைக் கேட்டால் உறுமியும் மேளமும்தான் முன்னால் நிற்கின்றன. மின்னணு ஓசைகள் அவற்றுக்கு வழிவிட்டுப் பக்கத்தில் ஓடுகின்றன. தோல் கருவிதான் பாட்டை நடத்துகிறது என்றால் கிக் ஒதுங்க வேண்டும் என்பதை அந்தத் தொகுப்பு காட்டிவிட்டது. நம் ஊர் டி.ஜே.க்கள் லண்டன் கிளப்பைப் பார்த்துக் கற்கிறார்கள். கற்க வேண்டியது அந்த உறுமிக்குக் கொடுக்கப்பட்ட இடத்தை.

மேடையிலும் இது முடியும். மிக்ஸரில் கீழ் ஒலிக்கென்று ஒரு திருகு இருக்கிறது. பிரேக்கோ பம்பையோ உள்ளே வரும்போது ஹவுஸ் பாட்டின் கீழ் ஒலியை முழுக்க இறக்கிவிட்டால் கிக் மறைந்து ஹை-ஹாட்டும் மேல் ஓசைகளும் மட்டும் மிஞ்சும். நடை ஒத்துப்போகிற பாட்டென்றால் அவை தோல் கருவிக்குத் தாளம் போடுவது போல அமையும். எட்டுச் சுற்றோ பதினாறு சுற்றோ அப்படி ஓடவிட்டு, புதிய பாட்டின் வாக்கியம் தொடங்குகிற இடத்தில் பழையதை முழுக்க எடுத்துவிட வேண்டும். நடை ஒத்துப்போகாத பாட்டென்றால் ஏற்றவே கூடாது. ஒரு சுற்று மௌனம் விட்டு அடுத்ததைத் தொடங்குவது எவ்வளவோ மேல். ஆட்டம் நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பம்பைக்காரர் தீர்மானம் வைத்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்தும்போது சாமியாடுகிறவர் உட்கார்ந்துவிடுவதில்லையே.

நான் கேட்ட ஒரு வரவேற்பில் நடந்தது இதற்கு மாறானது. பாட்டின் நடுவே தோல் கருவிகள் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி வந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களின் தோள் தானாக அசைந்தது. சரியாக அந்த நேரத்தில் டி.ஜே. நேர் அடியை ஏற்றினார். உள்ளடி ஒன்றும் கேட்கவில்லை, டும் டும் டும் மட்டும்தான். கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிக் குதித்தார்கள். தோள் போன இடம் தெரியவில்லை. கூட்டம் ஆடியதா என்பதை மட்டும் வைத்து டி.ஜே.யை மதிப்பிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அருணகிரிநாதர் பிறந்த ஊர் என்று திருவண்ணாமலையைச் சொல்கிறோம். அவர் பாடிய திருப்புகழின் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதன் தாள அமைப்பைக் காட்டும் சந்தக் குழிப்பு அச்சாகியிருக்கும். ஒன்றரை, இரண்டரை என்று எண்ணுகிற தாளங்களில் அவற்றைப் பாடுகிற மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. அவற்றை நேர் அடியில் போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாலு சம அடிக்குள் அந்தச் சந்தத்தை அடைக்க எழுத்துகளைத்தான் முறிக்க வேண்டிவரும்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. கிரெகரி கோல்மன் 2006இல் இறந்தபோது வீடற்றவராக இருந்தார். உலகமெங்கும் ஒலித்த அந்த ஏழு செகண்டுக்காக அவருக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. நம் குத்துப் பாட்டுகளில் பறையும் பம்பையும் வாசித்தவர்களில் எத்தனை பேரின் பெயர் கேசட் உறையில் வந்தது? வெட்டி எடுத்து லூப் ஆக்கும்போது மிச்சமிருந்த அடையாளமும் போய்விடுகிறது. டி.ஜே. ஒருவரால் இதைச் சரிசெய்ய முடியாது. யாருடைய கை அது என்று விசாரிக்கவாவது முடியும்.

டி.ஜே. தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். சிங்க் பட்டனை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆடியில் பக்கத்து அம்மன் கோயிலில் பம்பை அடிக்கும்போது பக்கத்தில் நின்று, எங்கே அடிக்கிறார், எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று ஒரு ராத்திரி முழுக்கக் கேளுங்கள். பிறகு உங்கள் பாட்டுப் பட்டியலைத் திஸ்ரம், சதுஸ்ரம் என்று இரண்டு ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள். பம்பை தனித்து வருகிற இடத்தில் கிக்கை ஏற்றாதீர்கள்.