அடைவுகடையில் வாங்கிய பேஸ் கிற்றார்

கெடி லீயின் 'பிக் பியூட்டிஃபுல் புக் ஒஃப் பேஸ்' 2018 டிசம்பரில் வெளிவந்தது. 400 பக்கங்களுக்கு மேல், 250க்கும் அதிகமான பேஸ் கிற்றார்கள், ரிச்சர்ட் சிபால்டின் ஒளிப்படங்கள், எழுத்துக்குத் துணையாக டானியல் றிக்ளர். மடியில் வைத்து வாசிக்க முடியாது, மேசை வேண்டும். அதன் பிறகு 2023 நவம்பரில் அவருடைய தன்வரலாறு 'மை எஃபின் லைஃப்' வந்தது. இரண்டையும் நான் அடுத்தடுத்து வாசித்தேன். தனித்தனியாக வாசித்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வந்திருக்காது.

றஷ் குழுவைப் பற்றி எங்கள் சஞ்சிகைகளில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மல்வேர்னிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருகிற வில்லோடேலில் 1968இல் தொடங்கிய குழு அது. பாடகரும் பேஸ் வாத்தியக்காரருமான கெடி லீ, போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்களின் மகன். கிற்றார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சன் சேர்பியக் குடியேறிகளின் மகன், உண்மைப் பெயர் சிவோயினோவிச். 'கெடி' என்பதே ஒரு குடியேறியின் உச்சரிப்புத்தான். மகனின் பெயர் கேரி. தாயின் நாவில் அது கெடி என்று விழ, கூட்டாளிமார் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடப் பெயரும் அம்மா கூப்பிடுகிற பெயரும் இரண்டாகக் கிடக்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பேஸ் புத்தகத்தின் பலம் அதன் பொறுமை. லியோ ஃபென்டர் 1951இல் விற்பனைக்கு விட்ட பிரிசிஷன் பேஸிலிருந்து தொடங்குகிறது கதை. அதற்கு முன் பேஸ் என்றால் ஆளுயர டபிள் பேஸ்தான். அதன் கழுத்தில் கட்டைகள் கிடையாது, விரல் வைக்கிற இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். ஃபென்டர் 34 அங்குல நீளத் தந்திக்குக் கீழே உலோகக் கட்டைகளைப் பதித்தார். அழுத்தினால் சுருதி பிசகாது, அதனால்தான் 'பிரிசிஷன்' என்ற பெயர். 1957இல் அதன் பிக்கப் இரண்டு துண்டாகி இரைச்சல் அடங்கியது. 1960இல் மெல்லிய கழுத்தும் இரண்டு பிக்கப்புமாக ஜாஸ் பேஸ் வந்தது. கிப்சன், றிக்கன்பாக்கர், ஹொஃப்னர், அம்பெக், பிறகு இத்தாலியின் வான்ட்ரே என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு பகுதி. வான்ட்ரேயின் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு மாலை போய்விடும். சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் சிற்பி ஒருவரைப் பூட்டிவைத்தால் செய்து தருவார் போன்ற வாத்தியங்கள் அவை.

எனக்கு உடன்பாடில்லாத இடம், புத்தகம் எதை அழகென்று கொண்டாடுகிறது என்பதில் இருக்கிறது. சேகரிப்பாளரின் உலகத்தில் மிக உயர்ந்த சொல் 'ஒரிஜினல்'. திருகாணி ஒரிஜினலா, வர்ணப்பூச்சு ஒரிஜினலா, உள்ளே ஈயப்பற்று தொழிற்சாலையில் வைத்ததா அல்லது யாரோ பிறகு வைத்ததா? பிறகு வைத்தது என்றால் விலை விழுந்துவிடும். யாரும் வாசிக்காமல் கட்டிலுக்குக் கீழே 50 வருடம் கிடந்த கிற்றார்தான் இந்த உலகத்தின் இளவரசி. ஆனால் பேஸ் கிற்றாரின் வரலாற்றை எழுதியவை கைபட்ட கிற்றார்கள். பில் வைமன் 1961இல் மலிவான பேஸ் ஒன்றின் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசித்தார். ஜாகோ பஸ்ரோறியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் கட்டைகளைக் கழற்றி, பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசுகிற எபொக்சியைப் பூசினார். அந்தப் பூச்சின் மேல்தான் கட்டையில்லாத பேஸின் பாடும் குரல் பிறந்தது. மோட்டவுன் பாடல்களின் ஜேம்ஸ் ஜேமர்சன் மறுபக்கத்தில் நிற்கிறார். அவர் தந்தியையே மாற்றமாட்டார். தட்டைச் சுற்றுத் தந்தியில் அழுக்கேற ஏறத்தான் அந்த 'தும்' வரும் என்பது அவர் கணக்கு. அதுவும் ஒரு கைவேலைதான், காலத்தைக் கொண்டு செய்தது.

கெடி லீயும் இதற்கு விலக்கில்லை. 1970களில் தன் 1968 பிரிசிஷனின் உடலை வெட்டிக் கண்ணீர்த்துளி வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய கறுப்பு ஜாஸ் பேஸில் தொழிற்சாலைப் பாலத்தை நீக்கிவிட்டு 'பாடாஸ்' பாலம் பூட்டப்பட்டது. 1998இல் ஃபென்டர் அவர் பெயரில் ஒரு மாதிரியை விற்கத் தொடங்கியபோது அந்த மாற்றியமைத்த பாலத்தோடுதான் விற்றது. மாற்றம் மாதிரியாகிவிட்டது! அப்படிப்பட்டவர் முதுமையில் கைபடாதவற்றைத் தேடித் திரிகிற முரணைப் புத்தகம் சிரித்துக் கடந்துவிடுகிறது. நான் அங்கே இன்னும் இருபது பக்கம் வாசிக்க விரும்பினேன்.

நீல்சன் வீதியை ஒட்டிய வரிசைவீடுகளின் பேஸ்மென்றுகளில் நடப்பது வேறு வகை. (பேஸ்மென்றில் பேஸ் என்பது தமிழில் எழுதும்போது மட்டும் வருகிற பகிடி.) பழைய ஸ்குவயர் ஒன்றைக் கிஜிஜியில் வாங்குவது, பின்பலகையைக் கழற்றுவது, உள்ளே செப்புத்தகடு ஒட்டி இரைச்சலை அடக்குவது, மலிவான பொட்டென்சியோமீற்றர்களை எடுத்துவிட்டு 250 கிலோ ஓம் வைப்பது, ரோன் கப்பாசிற்றரை மாற்றுவது. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். இரண்டையும் ஒரே அளவு திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும், ஒன்றை மட்டும் திறந்தால் இந்த நாட்டு மின்சாரத்தின் 60 சுற்று 'ம்ம்' பின்னால் நிற்கும். பகலில் தொழிற்சாலையில் சர்க்கிற் போர்ட்டுக்கு ஈயம் வைத்த கைகள் இரவில் இதற்கும் வைக்கும். கோவில் திருவிழா மேடைக்கும் கலைவிழாவுக்கும் பிறந்தநாள் மண்டபத்துக்கும் போகிற வாத்தியங்கள் அவை. ஒலிபெருக்கி பெரும்பாலும் பழைய ட்ரெய்னர். 1963இல் ரொறன்ரோவில் பீற் ட்ரெய்னரும் ஜாக் லோங்கும் தொடங்கிய யோர்க்வில் சவுண்ட் செய்தது. அந்தத் தொழிற்சாலை இன்று எங்களுக்கு அடுத்த ஊரான பிக்கரிங்கில் இருக்கிறது. இந்தக் கிற்றார்களில் ஒன்றுகூட கெடி லீயின் புத்தகத்தில் இடம்பெறத் தகுதியற்றது. எதிலும் எதுவும் ஒரிஜினல் இல்லை.

இப்போது தன்வரலாறு. அதில் ஒரு முழு அத்தியாயம் பெற்றோருக்கு. ஸ்ரராகோவிச்சே வேலைமுகாமில் பதின்வயதில் சந்தித்தவர்கள், பிறகு அவுஷ்விற்ஸ், பிறகு தாய் பேர்கன்-பெல்சனுக்கும் தந்தை டகாவுக்கும். போர் முடிந்து தந்தை தேடிப்போய்த் தாயைக் கண்டுபிடித்தார். கனடா வந்து கடை போட்டார்கள். மகனுக்குப் பன்னிரண்டு வயதில் தந்தை இறந்தார், தாய் கடையைத் தொடர்ந்து நடத்தினார். இந்த அத்தியாயத்தில் நகைச்சுவை இல்லை. மற்றெல்லா அத்தியாயங்களிலும் இருக்கிறது.

றஷ் 1984இல் 'கிரேஸ் அண்டர் பிறெஷர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் 'றெட் செக்ரர் ஏ' என்ற பாடல். வரிகள் நீல் பியர்ட்டுடையவை, தூண்டியது கெடி லீ தன் தாயைப் பற்றிச் சொன்னது. 1945 ஏப்ரலில் பிரித்தானியப் படை பேர்கன்-பெல்சனுக்குள் வந்தபோது, வெளியே இன்னும் ஓர் உலகம் மிஞ்சியிருக்கும் என்பதையே தாயால் நம்ப முடியவில்லை. அந்தப் பாடலில் பேஸ் கிற்றார் இல்லை. கெடி லீ அதில் சிந்தசைசர் வாசிக்கிறார். அந்தக் காலத்து றஷ் சிந்தசைசரில் மூழ்கியிருந்தது, ஆகவே இதற்குச் சாதாரணக் காரணம் இருக்கலாம். ஆனாலும் உலகத்தின் மிகச்சிறந்த பேஸ் வாத்தியக்காரர்களில் ஒருவர், தாயின் முகாமைப் பாடும்போது தன் வாத்தியத்தைக் கீழே வைத்திருக்கிறார் என்பதை அறிந்த பின், 250 பேஸ்களின் படப்புத்தகத்தை முன்போல் புரட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில், தொடர் இலக்கத்தோடு, தொலையாமல் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை வெறும் பணக்காரப் பொழுதுபோக்காக இனித் தெரியவில்லை. புத்தகம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை.

குறை வேறு. இந்தப் புத்தகம் கிற்றாரின் பிறந்த ஆண்டைச் சொல்கிறது, நிறத்தின் பெயரைச் சொல்கிறது. கைமாறிய கதையில் பிரபலங்கள் மட்டும்தான் ஆட்கள். ஜோன் போல் ஜோன்ஸ், அடம் கிளேய்ரன், லெஸ் கிளேபூல், றொபேர்ட் ட்ருஹியோ ஆகியோருடன் உரையாடல்கள் இருக்கின்றன, நல்ல உரையாடல்கள். ட்ருஹியோதான் ஜாகோவின் பேஸ் குடும்பத்துக்குத் திரும்பிவர உதவியவர். 1986இல் நியூயோர்க் பூங்காவில் திருட்டுப்போன அது, இருபது வருடத்துக்குப் பிறகே வெளிப்பட்டது. ஜேமர்சனின் பிரிசிஷன் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடப்பட்டது, இன்றுவரை இல்லை. போல் மக்கார்ட்னியின் ஹொஃப்னர் 1972இல் தொலைந்து, உலகமே தேடி, 2024இல் திரும்பியதாக அறிவிக்கப்பட்டது. தொலைந்தவர்கள் பெரிய ஆட்களாக இருந்தால் வாத்தியத்தைத் தேட ஆளிருக்கிறது.

எங்களுடைய பேஸுக்கு வருவோம். 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா பேஸ் கிற்றாரைத் தாளத்தின் வேலைக்காரனாக வைத்திருக்கவில்லை. 'மடை திறந்து' (1980) பாடலில் பேஸ் பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு பாடகராக நடக்கிறது. 'இளைய நிலா' (1982) கேட்கும் எவரும் சந்திரசேகரின் கிற்றாரைச் சொல்வார்கள், அதற்குக் கீழே ஓடுகிற பேஸைச் சொல்லமாட்டார்கள். அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். பிறகு ரஹ்மானின் காலத்தில் கீத் பீற்றர்ஸ். எங்கள் இசை விமர்சனம் ராகத்தைக் கண்டுபிடிக்கும், வரிக்குப் பொழிப்புரை எழுதும். சசிதரனைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை சொல்லுங்கள் பார்ப்போம். நான் தேடிச் சேர்த்தவை ரசிகர்களின் துண்டுக் குறிப்புகள்தான்.

இதில் ஒலியியலும் கலந்திருக்கிறது. நாலு தந்திப் பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹேர்ட்ஸ். தேநீர்க்கடை வானொலியின் சின்ன ஸ்பீக்கரால் அதை வெளியே தள்ள முடியாது. மேலேயுள்ள கிளைச்சுரங்கள் மட்டும் வரும், வராத அடிச்சுரத்தைக் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும். இளையராஜாவின் பேஸ் வரிகள் அடித்தந்தியிலேயே குந்தியிராமல் மேலேறி இறங்குவதால்தான் அந்த ஸ்பீக்கர்களிலும் பிழைத்தன என்பது என் ஊகம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்ட தலைமுறை இப்போது மல்வேர்னில் பேரப்பிள்ளை பார்க்கிறது. சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். அப்படிக் கேட்ட ஒருவருக்கு, இங்கே நல்ல ஒலிபெருக்கியில் அதே பாடலைப் போட்டுக் காட்டினால், முப்பது வருடமாகத் தான் கற்பனையில் நிரப்பிய சுரம் கீழே உண்மையிலேயே இருக்கிறதென்று கண்டு திகைக்கிறார். நான் இதை ஒன்றுக்கு மேற்பட்ட முகங்களில் பார்த்திருக்கிறேன்.

ஈழத்திலும் பேஸ் கிற்றார்கள் இருந்தன. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடிய காலத்திலிருந்து ஊரூராய் இசைக்குழுக்கள் இருந்தன, கோவில் வீதியில் விடியவிடியக் கச்சேரி இருந்தது. பாடகர்களின் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. பின்வரிசையில் நின்று பேஸ் வாசித்தவர்கள் நோட்டீசில்கூட வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தில் நெருக்கியடித்து நகர்ந்த சனத்தில் எவர் பேஸ் கிற்றாரைச் சுமந்து போயிருப்பார்? அரிசியும் பிள்ளையும் தூக்கவே கை போதவில்லை.

அதனால்தான் புத்தகத்தின் ஒரு தகவலில் நான் நின்றுவிட்டேன். கெடி லீயின் மிகப் புகழ்பெற்ற வாத்தியம், அந்த 1972 கறுப்பு ஜாஸ் பேஸ், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் ஓர் அடைவுகடையில் 200 டொலருக்கு வாங்கப்பட்டது. கலமசூ அப்போது கிப்சன் தொழிற்சாலையின் ஊர், போட்டிக் கொம்பனியின் கிற்றார் அங்கே அடைவில் கிடந்தது ஒரு வேடிக்கை. இதை அதிர்ஷ்டக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அடைவுகடை என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது வாங்கியவர் அல்ல. ஏஜென்சிக்குக் கட்டுவதற்குத் தாலிக்கொடியை அடைவு வைத்தவர்களின் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஜாஸ் பேஸை வாங்கி இரண்டொரு வருடம் வாசித்துவிட்டு, ஏதோ முட்டுப்பட்டு, கலமசூவில் கொண்டுபோய் வைத்த ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும். மீட்கத் தவணை கொடுத்திருப்பார்கள், அவர் வரவில்லை. பிறகு வானொலியில் றஷ் கேட்டிருப்பாரோ? 400 பக்கத்தில் அவருக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.