அறிவியல் வகுப்பில் ஆங்கிலம்: யார் பொறுப்பு?

மேலே மூன்று, கீழே ஐந்து என்று எழுதிய பின்னத்தைத் தமிழ்ப்பள்ளி மாணவன் "ஐந்தில் மூன்று" என்று வாசிக்கிறான். கண் கீழிருந்து மேலே செல்கிறது. அதே மாணவன் இடைநிலைப்பள்ளி சென்றதும் "திகா பெர் லிமா" என்று மலாயில் வாசிக்க வேண்டும். பின்னர்க் கல்லூரியில் "த்ரீ ஃபிஃப்த்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இவ்விரண்டிலும் கண் மேலிருந்து கீழே வருகிறது. கணக்கு ஒன்றே, சொல்லின் திசைதான் மாறியது. இம்மாற்றத்தை மாணவனுக்கு எடுத்துச் சொல்வது யார்? அது மொழி பற்றியது என்று கணித ஆசிரியர் விட்டுவிடுகிறார். அது கணக்கு என்று ஆங்கில ஆசிரியர் விட்டுவிடுகிறார். மாணவன் தானே தடுமாறித் தெரிந்துகொள்கிறான். பலர் தெரிந்துகொள்வதே இல்லை.

ஜொகூரில் ஆங்கிலத்தின் தேவையைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1924 இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து அன்றாடம் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். ஆயினும் இங்கு நாம் பேசப் புகுவது கடைத்தெரு ஆங்கிலமன்று, பாடநூலின் ஆங்கிலம். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் பிள்ளை அறிவியல் வினாவுக்கு விடை எழுத முடியாமல் திகைப்பதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு அவர் சொன்னது வியப்பளிக்காது. பேச்சு மொழி ஓரிரண்டு ஆண்டில் வந்துவிடும். கல்விக்குரிய மொழி வர அதனினும் பல ஆண்டு செல்லும். ஆனால் ஒரு மொழியில் பெற்ற கருத்து மற்றொரு மொழிக்கும் அடித்தளமாகும் என்பதும் அவர் கூற்றே. இந்தப் பின்பாதியை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அரசினர் செய்த முயற்சி பெரிது. 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. ஆசிரியர்க்கு மடிக்கணினியும் படவீச்சுக் கருவியும் தந்தனர்; ஊக்கத்தொகை தந்தனர்; ஆங்கிலப் பயிற்சியும் தந்தனர். 2009 ஜூலையில், அந்நாளைய கல்வியமைச்சர் முகிதீன் யாசின் அத்திட்டம் 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்படும் என்று அறிவித்தார். (அவர் ஜொகூரின் முன்னாள் மந்திரி பெசார் என்பது நம் வாசகர் அறிந்ததே.) 2016 இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகள் சில அதில் சேர முற்பட்டபோது, அவ்வாண்டின் இறுதியிலும் 2017 இலும் நம்மிடையே கடுமையான வாதம் எழுந்தது. இரு பாடங்களைத் தமிழ் இழந்தால் பள்ளியில் தமிழுக்கு எஞ்சுவது யாது என்று ஒரு சாரார் கேட்டனர். அது நியாயமான கேள்வி. பிள்ளைகளின் பிற்காலம் என்னாவது என்று மறுசாரார் கேட்டனர். அதுவும் நியாயமான கேள்வியே.

இருசாராரும் ஒன்றைக் கேட்கவில்லை. பயிற்றுமொழி எதுவாயினும், அப்பாடத்தின் மொழியை அப்பாட வேளையில் கற்பிப்பவர் யார்? பயிற்றுமொழியை மாற்றினால் மொழி தானே வந்துவிடும் என்று 2003 இல் எண்ணினர். பயிற்றுமொழியை மாற்றாவிட்டால் மொழிச் சிக்கலே இல்லை என்று எதிர்ப்போர் எண்ணினர். என் கருத்தில் இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இங்கிலாந்திலேயே இது பழைய செய்தி. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆங்கில ஆசிரியரே என்று ஜார்ஜ் சாம்ப்சன் 1921 இல் எழுதினார். 1975 இல் வெளிவந்த புல்லக் அறிக்கை, எல்லாப் பாடங்களிலும் மொழி வளர்ச்சிக்கென ஒவ்வொரு இடைநிலைப்பள்ளியும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றது. ஆங்கிலமே தாய்மொழியாய் உள்ள பிள்ளைகளுக்கே இது வேண்டுமென்றால், மும்மொழிகளின் நடுவே நிற்கும் குளுவாங், சிகாமட் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்!

நம் பள்ளிகளில் இதற்கு மாற்றாக நடப்பது என்ன? சொற்பட்டியல். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று கட்டங்களில் கலைச்சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டுகின்றனர். பட்டியல் வேண்டாததன்று, ஆனால் போதாதது. பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்த மாணவன் அவற்றை வாக்கியத்தில் கோக்கும்போது வழுக்கி விழுகிறான். "பன்னிரண்டைவிட ஐந்து குறைவு" என்பதில் எண்கள் கழித்தற்குரிய முறையிலேயே நிற்கின்றன. "ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்" என்னும் ஆங்கிலத் தொடரில் ஐந்து முன்னே வருகிறது. மாணவன் ஐந்திலிருந்து பன்னிரண்டைக் கழிக்கப் புகுகிறான். இத்தொடரில் அவன் அறியாத சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. எந்தப் பட்டியலும் இங்கே உதவாது.

அறிவியலிலும் இவ்வாறே. "வெப்பம் கூடக் கூட நீர் விரைந்து ஆவியாகிறது" என்று நாம் வினையை அடுக்கிச் சொல்கிறோம். மலாயில் "செமாக்கின்" என்னும் சொல் இருமுறை வந்து இப்பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தில் "தி ஹையர், தி ஃபாஸ்டர்" என ஒப்பீட்டுச் சொற்கள் இரண்டு அந்த வேலையைச் செய்கின்றன. மூன்றையும் ஒருமுறை கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆய்வு முடிவு எழுதும் ஒவ்வொரு முறையும் அது பயன்படும்.

"நேரம் ஏது? பாடத்திட்டம் முடிய வேண்டாமா?" என்று ஆசிரிய அன்பர்கள் கேட்பர். முடியத்தான் வேண்டும். ஆனால் விளங்காத வினாவுக்குப் பயிற்சி மேல் பயிற்சி கொடுத்துச் செலவாகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேறு சிலர், ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் கெடும் என்பர். இவ்வச்சத்துக்கு நான் ஆதாரம் காணவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். "கெமிஸ்தம்" என்னும் வேதியியல் நூலும் 1875 இல் தமிழில் வந்தது. உயர்கல்விக்குரிய கருத்தைத் தமிழ் தாங்கும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டது. தாங்கும் தோளை விட்டு வேறு ஊன்றுகோல் தேடுவானேன்?

இன்னொன்று, தமிழாசிரியர் பெரிதும் கவனிக்கத்தக்கது. பாடநூல் ஆங்கிலத்தின் கடினம் பெரும்பாலும் வினையைப் பெயராக்குவதில் இருக்கிறது. "நீர் ஆவியாகிறது" என்பது பேச்சு. "ஆவியாதலின் வேகம்" என்பது பாடநூல். ஆங்கிலத்தில் "எவாப்பரேட்" என்பது "எவாப்பரேஷன்" ஆகிறது. மலாயில் "செஜாட்" என்பது "பெஞெஜாத்தான்" ஆகிறது. இதற்கு நம் இலக்கணத்தில் தொழிற்பெயர் என்று பெயருண்டு. செயப்பாட்டு வினையும் அத்தகையதே. ஆங்கில வகுப்பில் மாணவன் கண்டு அஞ்சுவதைத் தமிழ் வகுப்பில் அவன் முன்னரே படித்திருக்கிறான். இரண்டும் ஒன்றென்று எவரும் சொல்லவில்லை.

ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றுள் நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர் பயிலும் சிறு பள்ளிகளை நாம் குறைபாடாகவே பேசி வருகிறோம். இவ்வொரு செய்தியில் அவற்றின் நிலை மேலானது. பெரிய பள்ளியில் தமிழும் அறிவியலும் வெவ்வேறு ஆசிரியர் கையில் இருக்கும். சிறு பள்ளியில் பல வேளைகளில் ஒருவரே இரண்டையும் நடத்துகிறார். தொழிற்பெயர் வரும் வாரத்திலேயே நீர் ஆவியாதலையும் வைத்துக்கொள்ள அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாட அட்டவணையில் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதினால் போதும்.