முதல்நூலும் வழிநூலும்: ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படம் – ஒரு திறனாய்வு

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்துக் காட்டியவர் நன்னூலார். முன்னோர் நூல் கண்ட முடிபோடு ஒத்து நின்று, பின்வந்தவன் தான் வேண்டும் வேறுபாடுகளை அமைத்து, மரபு அழியாமல் இயற்றுவதே வழிநூல் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணத்தில் ஓர் உரிமையும் உண்டு. ஒரு கட்டுப்பாடும் உண்டு. வேறுபாடு செய்யப் பின்னோனுக்கு உரிமை உண்டு; முடிபைக் கைவிட உரிமை இல்லை. ஏட்டிலக்கியத்திற்கு வகுக்கப்பட்ட அளவுகோலேயாயினும், பழங்கதையைப் புதுப்பிக்க முனையும் எக்கலைக்கும் இது பொருந்தும்.

பழைய புகழ்பெற்ற கதைத் தொடர்களை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது இக்காலத் திரையுலகின் பெரு வழக்கு. ‘ரீபூட்’ என்று அதற்குப் பெயரும் சூட்டியிருக்கின்றனர். அவ்வழக்கின் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, 2009ஆம் ஆண்டு மே திங்களில் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியல் புனைகதைப் படம். ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய இப்படத்தின் ஆக்கச் செலவு ஏறத்தாழ 15 கோடி டாலர். உலகெங்கும் ஈட்டிய வருவாயோ 38 கோடி டாலருக்கும் மேல். ஒப்பனைக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது. வாணிகத்தில் வென்ற இப்படம் வழிநூல் என்னும் பெயருக்கும் உரியதாகுமா என்பதே ஆராயத்தக்கது.

முதல்நூலின் முடிபு

ஜீன் ராடன்பெரி படைத்த ‘ஸ்டார் டிரெக்’ தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. 79 கதைகளோடு 1969இல் நின்றது. மறு ஒளிபரப்பில்தான் அதன் புகழ் ஓங்கியது. எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம், அதன் தலைவன் கிர்க், தந்தைவழியில் வல்கன் கோளினனும் தாய்வழியில் மனிதனுமாகிய ஸ்பாக், மருத்துவன் மெக்காய் ஆகியோரை உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான். கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த அமெரிக்காவில், ஆப்பிரிக்கப் பெண்ணாகிய உஹுராவை அத்தொடர் அதிகாரியாக அமர்த்தியது. ஆசிய வழிவந்த சூலுவைக் கலத்தைச் செலுத்தச் செய்தது. ருசியாவோடு பனிப்போர் நடந்த காலத்தில், 1967 முதல் செக்கோவ் என்னும் ருசிய இளைஞனையும் அதே மேடையில் இடம்பெறச் செய்தது.

அட்டையும் மரப்பலகையும் கொண்டு அமைத்த காட்சிகள், கைகலப்புகள், இன்று நகைப்பை விளைவிக்கும் உடைகள். குறைகள் பல உண்டு. எனினும் தொடரின் உயிர்நாடி வேறோரிடத்தில் இருந்தது. இரண்டு கதைகளைக் காண்க.

1966 டிசம்பரில் ஒளிபரப்பான ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ கதையில் ரொமுலர் என்னும் பகைவர் முதன்முதலாகத் தோன்றுகின்றனர். அவர்கள் தோற்றத்தில் வல்கன் மக்களை ஒத்திருப்பது வெளிப்பட்டவுடன், கலத்திலுள்ள அதிகாரி ஒருவன் ஸ்பாக்கையே ஒற்றன் என ஐயுறுகிறான். கிர்க் அவனைக் கடிந்து அடக்குகிறான். கதை பகைவன் கலத்திற்குள்ளும் நம்மை அழைத்துச் செல்கிறது. அங்கே போரில் களைத்துப்போன, கடமையால் கட்டுண்ட தலைவன் ஒருவனைக் காண்கிறோம். தோல்வியுற்ற அவனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் அடைக்கலம் தர முன்வருகிறான் கிர்க். வேறு சூழலில் நண்பராயிருந்திருக்கக்கூடும் என்ற பொருள்படப் பேசிவிட்டுத் தன் கலத்தைத் தானே அழித்துக்கொள்கிறான் அத்தலைவன். வெற்றி பெற்றும் கிர்க்கின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

1967 மார்ச்சில் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சுரங்கத் தொழிலாளர் பலரைக் கொன்ற கொடிய உயிர் ஒன்றை வேட்டையாடக் கிர்க்கும் ஸ்பாக்கும் புறப்படுகின்றனர். அஃது ஒரு தாய் என்பதையும், தொழிலாளர் அறியாமல் உடைத்தெறிந்த கல்லுருண்டைகள் அதன் முட்டைகள் என்பதையும் ஸ்பாக் அதன் உள்ளத்தோடு தன் உள்ளத்தை இணைத்து உணர்கிறான். ஈற்றில் தாயும் தொழிலாளரும் உடன்பாடு கண்டு ஒரே சுரங்கத்தில் வாழ்கின்றனர்.

பகைவன் எனப்படுபவன் இன்னும் அறிந்துகொள்ளப்படாதவனே. அறிந்துகொள்ளும் முயற்சியே வீரத்துள் தலையாயது. இதுவே முதல்நூலின் முடிபு.

வேறுபாடு செய்த திறம்

புதிய படத்தின் ஆசிரியர்களான ராபர்ட்டோ ஓர்சி, அலெக்ஸ் கர்ட்ஸ்மன் இருவரும் தம்முன் இருந்த இடரை நன்கு உணர்ந்தவர்கள். பத்துத் திரைப்படங்களும் பல தொலைக்காட்சித் தொடர்களும் சேர்ந்து கதையை நெருக்கிவிட்டிருந்தன. 2002இல் வந்த பத்தாம் படம் தோல்வியுற்றது. பழையதை அழித்தால் பற்றாளர் பொறார்; அழிக்காவிட்டால் புதியவர் நுழைய வழியில்லை. இம்முடிச்சை அவர்கள் அவிழ்த்த முறை பாராட்டுக்குரியது.

எதிர்காலத்தில், 2387ஆம் ஆண்டில், விண்மீன் ஒன்று வெடித்து ரொமுலர் கோள் அழிகிறது. அதைக் காப்பதாக வாக்களித்த முதிய ஸ்பாக் காலந்தாழ்த்து வந்து சேர்கிறான். தன் கோளையும் சூல்கொண்ட மனைவியையும் இழந்த நீரோ என்னும் சுரங்கக் கப்பல் தலைவன், கருந்துளை ஒன்றின் வழியாகப் பழங்காலத்திற்குள் வந்து விழுகிறான். அவன் வருகையால் வரலாறு வேறு திசையில் பிரிகிறது. பழைய கதைகள் எல்லாம் தத்தம் காலவழியில் அழியாமல் நிற்க, புதிய கதை தன் வழியே செல்கிறது. மரபு அழியாமல் வேறுபாடு செய்வது என்பதற்கு இதனினும் நேர்த்தியான சூழ்ச்சியைக் காண்பது அரிது.

தொடக்கக் காட்சியும் அவ்வாறே. கெல்வின் என்னும் கலத்தின் தலைமையைக் கிர்க்கின் தந்தை ஏற்பது பன்னிரண்டே நிமிடம். அதற்குள் எண்ணூறு உயிர்களைக் காத்துத் தன்னுயிர் ஈகிறான். அதே வேளையில் மைந்தன் பிறக்கிறான். ஓசையை அடக்கி இசையை மேலெழுப்பி இயக்குநர் இக்காட்சியை நடத்தும் முறையில் வீரமும் அவலமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. நடிகர் தேர்விலும் பழுதில்லை. கிறிஸ் பைன் பழைய கிர்க்கைப் பார்த்து நடிக்கவில்லை; அவன் செருக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். ஸக்கரி குவிண்டோ இளைய ஸ்பாக்காகவும், முதல் தொடரில் அப்பாத்திரத்தைப் படைத்த லெனர்ட் நிமோய் முதிய ஸ்பாக்காகவும் தோன்றுகின்றனர். நிமோய் 2015இல் மறைந்தார். இருவரும் எதிர்ப்படும் ஈற்றுக் காட்சி, முதல்நூல் தன் வழிநூலுக்கு வாழ்த்துரைப்பது போலவே அமைந்திருக்கிறது.

சிறு குறைகளும் உண்டு. திரையெங்கும் கண்ணைக் கூசவைக்கும் ஒளிக்கீற்றுகள் மிகை என்பதை இயக்குநரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பனிக்கோளொன்றில் கைவிடப்பட்ட கிர்க், முதிய ஸ்பாக் இருக்கும் குகைக்குள்ளேயே ஓடி நுழைவது தற்செயலுக்கும் தற்செயல். பயிற்சி மாணவன் சில நாட்களில் கலத்தலைவன் ஆவது நம்பத்தக்கதன்று. எனினும் இவை தோலில் பட்ட கீறல்கள். புண் உள்ளே இருக்கிறது.

அழப்படாத அழிவு

நீரோ பழிவாங்கும் பொருட்டு வல்கன் கோளை அழிக்கிறான். அறுநூறு கோடி உயிர்கள் மடிகின்றன. எஞ்சுவோர் பதினாயிரம் பேர் என்று ஸ்பாக் கணக்கிடுகிறான். ஓர் இனத்தின் மொழி, கலை, நூல், கல்லறை அனைத்தும் ஒரு பிடி மண்ணும் மிஞ்சாமல் மறைகின்றன. திரைப்படத்தில் இதனினும் பெரிய அவலம் நிகழ முடியாது. ஆயினும் படம் அதற்கு ஒதுக்கிய நேரம் மிகச் சிறிது. தாயை இழந்த ஸ்பாக்கின் துயரம் காட்டப்படுகிறது; இனத்தை இழந்தோரின் துயரம் ஓரிரு வாக்கியங்களில் முடிகிறது. கோளின் அழிவு, அடுத்த துரத்தலுக்குத் தூண்டுகோலாக மட்டும் பயன்படுகிறது.

நீரோவின் நிலையும் அதுவே. கோளை இழந்தவன், மனைவியை இழந்தவன், அடிப்படையில் ஒரு தொழிலாளி. முன்னைய கதையில் முட்டைகளை இழந்த தாய்க்கும் இவனுக்கும் துயரத்தில் வேறுபாடு என்ன? அத்தாயின் உள்ளத்துள் புகுந்து பார்த்தது முதல்நூல். இவன் துயரத்தைச் சில நொடிக் காட்சிகளால் சொல்லிவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் இவனை உறும விடுகிறது புதிய படம்.

மொழியறிந்தவளும் பேசப்படாத மொழியும்

உஹுராவின் பாத்திரம் இக்குறையை இன்னும் தெளிவாகக் காட்டும். ஸோயி சல்டானா ஏற்ற இப்பாத்திரம் மொழித்துறையில் வல்லது. ரொமுலரின் மூன்று கிளைமொழிகளையும் அறிந்தவள் என்பதால்தான் கலத்தின் செய்தித்துறை அவள் கைக்கு வருகிறது. பகைவரின் மொழியை இவ்வளவு அறிந்த ஒருத்தி கதைக்குள் இருக்கிறாள், பகைவனும் இருக்கிறான். ஆனால் இருவரும் ஒரு சொல்லேனும் பேசிக்கொள்ளும் காட்சி படத்தில் இல்லை. ஒட்டுக்கேட்பதற்கு உதவிய புலமை உரையாடுவதற்கு உதவவில்லை. மொழி கற்பிப்போர் இக்குறையை எளிதில் கடந்துவிட மாட்டார். மொழியறிவின் பயன் மாற்றானின் செய்தியைக் கைப்பற்றுவது மட்டுமன்று. அவன் நெஞ்சைச் சென்றடைவதும் ஆகும்.

இறுதிக் காட்சியில் நீரோவின் கப்பல் சிதைகிறது. கிர்க் அவனுக்கு உதவி தர முன்வருகிறான். இரக்கம் காட்டுவதே அறிவுடைமை என்று அவன் விளக்க, இம்முறை வேண்டாம் என்கிறான் ஸ்பாக். நீரோ உதவியை மறுக்கிறான். உடனே எல்லாப் படைக்கலங்களும் அவன்மீது ஏவப்படுகின்றன. அடைக்கலம் தருவதும் அது மறுக்கப்படுவதும் 1966ஆம் ஆண்டுக் கதையில் இருந்தவையே. ஆனால் அங்கே பகைவன் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான். பார்ப்பவர் உள்ளம் கனத்தது. இங்கே எப்படியும் அழியப்போகிறவன்மீது குண்டு பொழியப்படுகிறது. பார்ப்பவர் கைதட்டுமாறு காட்சி அமைந்திருக்கிறது. சடங்கு எஞ்சியிருக்கிறது, அதன் பொருள் போய்விட்டது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இரண்டு மணி நேரத் திரைப்படத்திற்குப் பகைவனும் போரும் இன்றியமையாதவை, இவை இல்லையேல் மக்கள் பாரார் என்று சிலர் மறுக்கலாம். இதே வரிசையில் 1986இல் நிமோய் இயக்கிய நான்காம் படம் அதற்கு விடையாக நிற்கிறது. அழிந்துபோன திமிங்கில இனத்தைத் தேடிக் கடந்த காலம் செல்லும் அக்கதையில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. புரியாத அழைப்பொன்றைப் புரிந்துகொள்வதே சிக்கல். மறுமொழி சொல்ல வல்ல உயிரைக் கொணர்வதே தீர்வு. அப்படம் பெருவெற்றி பெற்றது.

2009ஆம் ஆண்டுப் படத்தைத் தொடர்ந்து 2013இலும் 2016இலும் வந்த படங்களிலும் பழியுணர்ச்சி கொண்ட பகைவர்களே கதையை நடத்தினர். 2013ஆம் ஆண்டுப் படத்தின் பகைவன் கொல்லப்படாமல் உறைதுயிலில் வைக்கப்படுவது மட்டும் பழைய நெறியின் ஒரு சாயல்.

முதல் தொடரின் ஒவ்வொரு கதையும், புதிய உயிர்களையும் புதிய நாகரிகங்களையும் நாடிச் செல்வதே கலத்தின் நோக்கம் என்ற அறிவிப்போடு தொடங்கும். புதிய படம் அதே அறிவிப்பை நிமோயின் குரலில் ஈற்றில் வைத்திருக்கிறது. அழகிய அமைப்புத்தான். ஆனால் முதல்நூல் எங்கே தொடங்கியதோ, அங்கே சென்று சேர்வதற்கே புதிய படத்திற்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது. புதிய உயிரை நாடும் பயணம் இப்படத்தில் நிகழவில்லை. நிகழும் என்ற வாக்குறுதி மட்டுமே தரப்படுகிறது.

பாத்திரங்களை மீட்டெடுத்ததிலும், மரபை அழிக்காமல் வேறுபாடு செய்ததிலும் 2009ஆம் ஆண்டு ‘ஸ்டார் டிரெக்’ தேர்ச்சி பெற்றுவிட்டது. அதற்காக அதைப் பலமுறை பார்க்கலாம், மாணவர்க்கும் காட்டலாம். ஆனால் முன்னோன் கண்ட முடிபை அது தொடவில்லை. ஒரு பகுதி ஒத்து ஒரு பகுதி திரிந்து நிற்பதைச் சார்புநூல் என்பது நன்னூலார் வழக்கு. இப்படத்திற்கு உரிய இடம் அதுவே.