பெருமூளையும் பசியும்

உலகம் அழிந்தது என்று கேட்டால் அச்சம் வருவதே இயல்பு. அச்சத்தின் நடுவே நகைப்பை வரவழைக்கும் நாவல் ஒன்றைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அமெரிக்க ஆசிரியர் கர்ட் வானகட் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கலாபகோஸ்’ என்பதே அது.

கதை 1986இல் தொடங்குகிறது. ஈக்வடார் நாட்டின் குவயாகில் துறைமுகத்தில், கலாபகோஸ் தீவுகளுக்குச் செல்லும் கப்பலை எதிர்பார்த்து ஒரு விடுதியில் அந்நியர் சிலர் தங்கியிருக்கின்றனர். கணவனை இழந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி. கைம்பெண்களை மணந்து பொருளைச் சுருட்டி ஓடும் எத்தன் ஒருவன். கர்ப்பிணியான ஜப்பானிய மாது. கண் தெரியாத செல்வச் சீமாட்டி. வனத்து அநாதைச் சிறுமியர் அறுவரும் பசியோடு வந்து சேருகின்றனர். கப்பல் தலைவனோ திசையறியாதவன்! பண நெருக்கடியும் பஞ்சமும் யுத்தமும் சூழ, தப்பிய கப்பல் ஆளற்ற தீவொன்றில் தட்டி நிற்கிறது. மற்றைத் தேசங்களில் ஒரு நோயினால் மகப்பேறே அற்றுப்போகிறது. தீவில் ஒதுங்கியவர் வழிவந்த மனிதர், பத்து லட்சம் ஆண்டுகளில் சிறு மூளையும் துடுப்புக் கையும் கொண்டு மீன் தின்னும் பிராணிகளாகின்றனர். இதனைக் கண்டு சொல்பவன் ஒரு பேய்.

அந்திக்குள் மடியப்போகிறவர் பெயருக்கு முன் ஆசிரியர் நட்சத்திரக் குறி இடுகிறார். பிழைப்பாரோ மாட்டாரோ என்ற பரபரப்பு இதனால் போய்விடுகிறது. ஆயினும், அவர்கள் நாளைக்கென்று போடும் திட்டங்களைப் படிக்கையில் நகைப்பும் இரக்கமும் சேர்ந்தே எழுகின்றன. 1945இல் டிரெஸ்டன் நகர் குண்டுவீச்சில் எரிந்தபோது யுத்தக் கைதியாக அங்கிருந்து உயிர் தப்பியவர் இவ்வாசிரியர். இவருடைய ஹாஸ்யம் வீண் விளையாட்டன்று.

மனிதனுடைய பெரிய மூளையே எல்லாத் தீங்குக்கும் காரணம் என்கிறார் அவர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை. ஒப்பாமைக்குச் சான்றும் அவர் நூலிலேயே உளது. பூமி விளைச்சல் தர மறுக்கவில்லை; காகிதப் பணத்தின்மீது ஜனங்கள் கொண்ட நம்பிக்கை மாறியதாலேயே பஞ்சம் வந்தது என்று அவரே எழுதுகிறார். 1945இல் வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் ஒரே நாளில் வெறுங்காகிதமானதை நம் மூத்தோர் கண்டனர். பசி எண்ணத்தால் வந்ததாயின், நல்லெண்ணத்தால் நீங்கவும் கூடுமன்றோ? குறைய வேண்டியது மூளையன்று, உணவைப் பூட்டிவைக்கும் பேராசையே.

மற்றொரு குறையும் உண்டு. பிற்கால மனித குலத்துக்கு அன்னையரான அவ்வனச் சிறுமியரைப் பற்றி ஆசிரியர் அதிகம் பேசவில்லை. எத்தனின் வரலாற்றுக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

எனினும் நூலின் முடிவில் நம் மனத்தில் நிற்பது ஒன்று. கருவி ஏந்தும் கையை இழந்த அம்மனிதரும், கடற்கரையில் ஒருவன் காற்றுப் பிரித்தால் கூடிச் சிரிக்கின்றனராம். மூளையைப் பழித்த ஆசிரியருக்கும் சிரிப்பைப் பறிக்க மனம் வரவில்லை. அதற்காகவே இந்நூலை அன்பர்கள் ஒருமுறை படிக்கலாம்.