படம் காட்டாத சுழற்சி

இயற்பியல் நூல்களில் அடிக்கடி காணப்படும் படம் ஒன்று உண்டு. வட்ட வடிவில் நான்கு வாயு முகில்கள். அவற்றுள் முக்கோண ஒழுங்கில் அமைந்த துளைகள். 2001-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கெட்டர்லே குழுவினர் வெளியிட்ட படம் அது. சோடியம் வாயுவைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளாக்கி, லேசர் கதிர்களால் கலக்கிச் சுழற்றினர். முகில்களில் முறையே சுமார் 16, 32, 80, 130 சுழிகள் தோன்றின.

“ஆற்றுச் சுழி போன்றதே இதுவும்” என்று இப்படத்தை விளக்கிவிட்டு நகர்வது வழக்கம். மாணவர்க்கு இவ்விளக்கம் போதாது. ஓரளவு தவறான வழியும் காட்டுகிறது.

முதலாவதாக, நான்கும் ஒரே முகிலின் வளர்ச்சி அல்ல. முகிலைச் சிறையிலிருந்து விடுவித்து, ஏறத்தாழ 20 மடங்கு விரியச் செய்த பிறகே படம் எடுக்கின்றனர். அத்துடன் அம்முகில் அழிந்துவிடும். எனவே இவை நான்கு தனித்தனி முகில்கள். மேலும், துளை என்பது அணுக்கள் குறைந்த இடம், அவ்வளவுதான். சுற்றுவது வலமா, இடமா என்பதைக் கூடப் படம் சொல்லாது.

இரண்டாவதாக, ஆற்றுச் சுழி எந்த வலிமையும் பெறலாம். இங்கோ தனிச் சுழி ஒன்றைச் சுற்றியுள்ள வட்டத்தின் சுற்றளவை அங்குள்ள வேகத்தால் பெருக்கினால், பிளாங்க் மாறிலியை அணுவின் நிறையால் வகுத்த ஈவு கிடைக்கும். அதில் அரை, கால் என்ற பேச்சே இல்லை. ஆகவே வேகமாகச் சுழற்றும்போது சுழி வலுப்பதில்லை. சுழிகளின் எண்ணிக்கை கூடுகிறது. திரவ ஹீலியத்துக்கு இக்கருத்தை ஆன்சாகர் 1949-இலும் ஃபெயின்மன் 1955-இலும் கூறியிருந்தனர்.

படத்தின் உண்மையான மதிப்பு இந்த எண்ணிக்கையில்தான் உள்ளது. கோண வேகம், முகிலின் பரப்பு, அணுவின் நிறை ஆகியவற்றின் பெருக்கலை இரட்டித்துப் பிளாங்க் மாறிலியால் வகுத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. விட்டமுள்ள சோடியம் முகில் விநாடிக்கு 60 முறை சுழன்றால், ஏறத்தாழ 85 சுழிகள் இருக்க வேண்டும். துளைகளை எண்ணியே சுழற்சியை அறியலாம்!

2000-இல் பாரிசில் தாலிபார் குழுவினர், முதல் சுழி தோன்றும்போது ருபீடியம் முகிலின் கோண உந்தம் திடீரெனத் தாவுவதை அளந்தனர். அந்த அளவீட்டையும் இப்படத்துடன் சேர்த்து அச்சிடுவதே முறை. அடுத்த முறை இப்படத்தைக் காணும்போது, அழகை ரசித்துவிட்டுத் துளைகளையும் எண்ணுங்கள்.