பேர் சொல்லிப் பிடித்தல்

கணினியில் எழுதுகிறவரின் நேரத்தில் பெரும்பகுதி திருத்துவதில்தான் போகும். ஒரு சொல் மாறும், ஒரு வரி மேலே ஏறும், அடைப்புக்குள் இருந்தது அழியும். நிரல் எழுதுகிறவருக்கு இது இன்னும் பொருந்தும். ஆகவே ஒரு திருத்தியின் தரத்தை அறிய ஒரு கேள்வி போதும்: வேண்டிய துண்டை எவ்வளவு சுத்தமாகப் பிடிக்க விடுகிறது? அழிப்பது ஒரு கண வேலை. ரசிக்க வேண்டியது பிடிப்பதைத்தான்.

விம் திருத்தியில், முகவரி = "இணுவில் கிழக்கு, சுன்னாகம்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைப்போம். மவுஸ் பழகின கை தொடக்கத்தில் வைத்து இழுத்துக்கொண்டு போகும். ஓர் எழுத்துக் கூடும் அல்லது குறையும். விம்மில் மூன்று விசைகள்: சி, ஐ, மேற்கோள்குறி. ‘மாற்று, உள்ளே, மேற்கோள்’ என்று பொருள். கர்சர் மேற்கோளுக்குள் எந்த எழுத்தில் நின்றாலும் சரி, உள்ளே இருந்தது முழுவதும் போய், குறிகள் இரண்டும் நிற்கும். அழிப்பதற்கான ‘டி’யோடு ‘ஐ’க்குப் பதில் ‘ஏ’ சேர்த்தால் குறிகளும் சேர்ந்து போகும். சொல், வசனம், பந்தி, அடைப்பு எல்லாவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு பேர் உண்டு.

தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) பிறந்த இணுவிலில் இந்தப் பழக்கத்தை விளக்குவது சுலபம். தவில் பழகும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகும். பிறகுதான் அது கைக்கு இறங்கும். விம்மிலும் முதலில் ‘மாற்று, உள்ளே, அடைப்பு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் தட்டுவோம். சில கிழமைகளில் சொல் மறைந்துவிடும், விரல் தானாகப் போகும்.

இந்தச் சுருக்கம் தட்டுப்பாட்டில் பிறந்தது. 1976இல் பேர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜோய், விம்மின் முன்னோடியான விஐ திருத்தியை எழுதினார். நொடிக்கு முப்பது எழுத்தளவே கடக்கும் 300 போட் இணைப்பிலும் அது ஓட வேண்டியிருந்தது. அவருடைய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. விம் பழகியவர்கள் இன்றும் அந்த நான்கிலேயே நகர்கிறார்கள். ஆனால் பேர் சொல்லிப் பிடிக்கும் வசதி விஐயில் இல்லை. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் இறக்கும்வரை வளர்த்த விம்மில்தான் அது வந்து சேர்ந்தது.

கண்ணால் பார்த்துப் பிடிக்கவும் வழி உண்டு. சின்ன ‘வி’ எழுத்தெழுத்தாய்ப் பிடிக்கும், பெரிய ‘வி’ வரிவரியாய். கொன்ட்ரோலோடு ‘வி’ செங்குத்துப் பட்டையாய்ப் பிடிக்கும். கோவில் திருவிழாவின் உபயகாரர் பட்டியலில் எல்லாப் பேருக்கும் முன்னால் ‘திரு.’ வேண்டுமானால், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பட்டையை இறக்கி, பெரிய ‘ஐ’ தட்டி, ஒரு தரம் எழுதி, எஸ்கேப் அழுத்தினால் போதும். வரித் தொடக்கத்தில் இது பிசகாது. வரியின் நடுவில் தமிழை நம்பி இறங்க வேண்டாம். முனையங்கள் எழுத்துகளைச் சமஅகலக் கட்டங்களில் வைக்கும். நம்முடைய எழுத்துகள் அதற்குள் அடங்குவதில்லை. ‘ஓ’ பிடியின் மறுமுனைக்குத் தாவும். ‘ஜி’யும் ‘வி’யும் விட்ட பிடியைத் திரும்பத் தரும். தேர்ந்த கையை இந்த இரண்டிலும் அடையாளம் காணலாம்.

கண்ணால் பிடிப்பதற்கும் பேரால் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி விசை காட்டிக்கொடுக்கும். கடைசியாகச் செய்த மாற்றத்தை அது அப்படியே திரும்பச் செய்யும். ‘கிழக்கு’ என்பதைக் கண்ணால் பிடித்து ‘தெற்கு’ ஆக்கிவிட்டு, ‘மேற்கு,’ என்ற இடத்தில் புள்ளியைத் தட்டிப் பாருங்கள். முதல் பிடி நான்கு எழுத்து. இரண்டாவது சொல்லில் இருப்பது மூன்று. பக்கத்துக் காற்புள்ளியையும் அது விழுங்கிவிடும். சி, ஐ, டபிள்யூ என்று சொல்லாகப் பிடித்திருந்தால் புள்ளி நீளத்தைப் பார்க்காது. அங்கே நிற்கும் சொல் எதுவோ அதை மட்டும் எடுக்கும். முன்னது அளவை நினைவு வைக்கிறது, பின்னது பொருளை நினைவு வைக்கிறது.

முதலில் செயல், பிறகு பிடி என்பது விம்மின் ஒழுங்கு. காக்கூன், ஹீலிக்ஸ் போன்ற புதிய திருத்திகள் அதைத் திருப்பிப் போட்டன. அங்கே முதலில் பிடிக்க வேண்டும், பிறகு செயல். ‘கதவைத் திற’ என்று வினையைக் கடைசியில் வைக்கும் நமக்கு அது இயல்பாகத்தான் இருக்கும். செய்வதற்கு முன்னால் எது மாறப்போகிறது என்று தெரியும். நூறு இடத்தையும் ஒரே தரத்தில் பிடித்து மாற்றலாம். எல்லாமே மாற வேண்டிய வேலைக்கு அதுவே மேல்.

ஆனால் உபயகாரர் பட்டியலின் முகவரிகளில் எல்லாக் கிழக்கும் மேற்காவதில்லை. வீடு மாறினவர் சிலர், மாறாதவர் பலர். அங்கே ‘கிழக்கு’ என்று தேடி, முதலாவதை மாற்றி, பிறகு ‘என்’ தட்டி அடுத்ததற்குப் போகிறேன். மாற்ற வேண்டுமானால் புள்ளி, வேண்டாமென்றால் மறுபடி ‘என்’. ஆளைத் தெரிந்து முடிவெடுக்கும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சுகிறது. விம்மை நான் விடாததற்குக் காரணம் அதுதான்.